பல் டாக்டர் படகின் ஆறு மெத்தைகள்

படகுத்துறையில் அவருக்கு மூக்கர் என்றுதான் பெயர். வீட்டில் வைத்த பெயர் அவர் மனைவிக்கே சட்டென்று ஞாபகம் வராது. வசதியானவர்கள் வாரக் கடைசியில் வந்து சாய்ந்துகொள்ளப் படகுக்குள் மெத்தை போட்டிருப்பார்கள். அது நமத்துப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. மழைக்காலம் முழுக்கப் பதினொரு படகின் சாவியும் அவர் இடுப்பில் தொங்கும். ஒவ்வொரு கேபினாக நுழைந்து மோந்து பார்ப்பார். ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைப்பார். அடியிலும் காற்றுப் போகட்டும் என்று மெத்தையை நிமிர்த்தி நிறுத்துவார். இருபது வருஷமாக இதே கதை. இதற்குப் பட்டம் கொடுக்க எந்தக் கல்லூரியும் இன்னும் முன்வரவில்லை.

பல் டாக்டர் போன மாதம்தான் படகு வாங்கினார். வாங்கிய கையோடு கடலைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூரை ஜன்னலைத் திறந்துபோட்டு ஓட்ட, அலை ஒன்று மரியாதை தெரியாமல் உள்ளே வந்து ஆறு மெத்தையையும் நனைத்தது. அவர் அசரவில்லை. தலைமுடி காயவைக்கும் மிஷினைக் கொண்டுவந்து, மெத்தையைக் கல்யாணத்துக்குக் கிளப்புவதுபோல ஒரு மணி நேரம் காட்டினார். மேலே காய்ந்தது. ஜன்னலையெல்லாம் இறுக்கிச் சாத்திவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை தூறலில் வந்து பார்த்தால் மெத்தை மறுபடி பிசுபிசு. மூக்கர்தான் ஜன்னலைத் திறந்துவிட்டார் என்று அங்கேயே தீர்ப்பானது. சனிக்கிழமை மாமியார் படகு பார்க்க வருகிறாராம். அவர் உட்காரும் இடத்தில் ஈரம் பட்டால் சாவியைப் பிடுங்குவதோடு விடமாட்டேன், மற்ற பத்துப் பேரிடமும் சொல்லிவிடுவேன் என்றார் டாக்டர். சொன்னால் முடிந்தது. மூக்கருக்கு வேறு பிழைப்புத் தெரியாது.

டாக்டர் போனதும் மூக்கர் மெத்தையை நாக்கில் தொட்டுப் பார்த்தார். உப்பு. அது உள்ளே இருக்கிறவரை ஊர்க் காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் விருந்துக்குக் கூப்பிடும். மறுநாள் காலை உறையைக் கழற்றி, ஸ்பாஞ்சைக் குழாயடியில் போட்டு, நல்ல தண்ணியை ஊற்றி ஊற்றி ஏறி மிதித்தார். அந்த நேரம் பார்த்து டாக்டர் குடையோடு வந்து நின்றார்.

“யோவ், காயவைக்கச் சொன்னா குளிப்பாட்டிட்டு இருக்கே?”

“உப்பு போகணும் சார். இல்லேன்னா ஆயுசுக்கும் காயாது.”

“நான் படிச்சவன்யா.”

“பல்லுக்குத்தானே சார்.”

சனிக்கிழமை பார்த்துக்கொள்கிறேன் என்று டாக்டர் குடையைத் திருப்பிக்கொண்டு போனார்.

மூக்கர் வீட்டில் ஒரே அறை, ஒரே மின்விசிறி. ஆறு ஸ்பாஞ்சும் அங்கே குடியேற, குடும்பம் அடுப்படிக்குப் போனது. மனைவி கோபப்படவில்லை. வந்தவர்களுக்கு டீ போடட்டுமா என்று மட்டும் கேட்டார். மூன்று நாளும் மழை விடவில்லை. மூக்கர் பக்கம் மாற்றி மாற்றி நிறுத்தினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொன்றிலும் கன்னத்தை வைத்து ஈரம் பார்த்தார். அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

“எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நெத்தியையாவது தொட்டுப் பாத்தீங்களாங்க?”

நல்லவேளை, ஸ்பாஞ்சு காய்ந்திருந்தது.

சனிக்கிழமை மாமியார் வெளிர்நிற உடையில் வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். எழுந்தபோது உடையில் ஒரு பொட்டு ஈரமில்லை. மாப்பிள்ளை படகை நன்றாக வைத்திருக்கிறார் என்றார். மாப்பிள்ளை அடக்கமாக ஒப்புக்கொண்டார். சாவி மூக்கரின் இடுப்பிலேயே இருந்தது. டாக்டர் கிளம்பும்போது அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பாத்தியா? அன்னிக்கு நான் இறுக்கிச் சாத்தினதாலதான் காஞ்சுது. இனி ஒரு ஜன்னலும் திறக்கக் கூடாது.”

“சரிங்க சார்.”

கார் வாசலைத் தாண்டியதும் மூக்கர் எல்லா ஜன்னலையும் திறந்தார்.