ஐந்து நாடுகளின் போட்டியில் ஆறாவது பெயர்

ராஜகுமாரி மலேசியாவின் ஈப்போவிலிருந்து நர்சிங் படிக்க மெல்பர்ன் வந்தவள். படிப்பு முடிந்ததும் அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. வேலை விட்டால் பேட்மிண்டன்தான். ஆசியான் என்ற தென்கிழக்காசியக் கூட்டமைப்பின் ஐந்து நாட்டு இளைஞர்களும் மெல்பர்னில் ஆண்டுதோறும் நடத்திய போட்டியில் மலேசியாவுக்காக ஆடி, 1975-இல் இரட்டையர் கோப்பையும் வாங்கியிருந்தாள்.

1976-இல் அவளுடைய ஜோடி கல்யாணமாகி ஊருக்குப் போய்விட்டாள். அப்போதுதான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த இசபெல் பழக்கமானாள். கிழக்குத் திமோரில் சண்டை மூண்டபோது கப்பலேறித் தப்பி வந்தவள். அதன் தலைநகர் டிலியில் பேட்மிண்டன் நன்றாக ஆடியவள். ஒரு மாலை சேர்ந்து ஆடிப் பார்த்த பிறகு ராஜகுமாரி வேறு ஜோடி தேடவில்லை.

இசபெலின் பெயருக்கு எதிரே எந்த நாட்டை எழுதுவது என்று போட்டிச் செயலாளர் பாலகிருஷ்ணன் தயங்கினார்; அவரும் மலேசியர்தான். அந்த ஜூலையில்தான் கிழக்குத் திமோரைத் தன் மாகாணமென்று இந்தோனேசியா அறிவித்திருந்தது. பக்கத்து நாடான அதைப் பகைத்துக்கொள்ள மலேசியாவுக்கு மனமில்லை.

"இந்தோனேசியான்னு எழுதிடலாம் லா. தூதரகத்துலேருந்து ஆளுங்க வர்றாங்க, எதுக்கு வம்பு?"

ராஜகுமாரி அதை எளிய ஆங்கிலத்தில் இசபெலுக்குச் சொன்னாள். அவள் மட்டையை உறையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"உக்காரு" என்று அவள் கையைப் பிடித்த ராஜகுமாரி, பாலகிருஷ்ணனைப் பார்த்தாள். "அவ ஊரு பேரை எழுதுங்கண்ணே. இல்லேன்னா என் பேரையும் அழிச்சிடுங்க."

 அவர் சாக்பீஸை எடுத்து, ஜோடிகளின் பட்டியல் இருந்த கரும்பலகையில் 'மலேசியா–திமோர்' என்று பெரிதாகவே எழுதினார்.

இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது இந்தோனேசிய ஜோடி. முன்வரிசையில் இருந்த இரண்டு இந்தோனேசியத் தூதரக அதிகாரிகள் எழுந்து வெளியே போனார்கள். ஆடவந்த பெண்கள் போகவில்லை.

முதல் செட் கைநழுவியது. இரண்டாவதை மீட்டார்கள். மூன்றாவதின் கடைசிப் புள்ளியில் எதிராளி உயரத் தூக்கிய இறகுப்பந்தை இசபெல் எம்பி அடித்தாள். கோட்டின் மீதே விழுந்தது. அரங்கமே எழுந்து நின்று கத்தியது. பாலகிருஷ்ணன் நாற்காலிமேல் ஏறிவிட்டார். தோற்ற பெண்களில் ஒருத்தி வலையைக் குனிந்து கடந்து வந்து, இசபெலைக் கட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை கோப்பை சலவைக்கூடத்துக்கு வந்தது. அங்கே வேலை பார்த்த கிரேக்கக்காரிகளும் இத்தாலியக்காரிகளும் அதில் டீயை ஊற்றி, ஆளுக்கொரு வாயாகக் குடித்தார்கள். முதல் வாய் இசபெலுக்கு.