கையெழுத்து மட்டும் இருந்த தாள்கள்

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே சிந்திக் கிடக்கும் நிலக்கரியை வாரிப் போடுவதுதான் அன்புக்கரசியின் வேலை. பதினேழு வருடமாக அதே பெல்ட், அதே தூசி. காண்ட்ராக்டர்தான் மாறிக்கொண்டே இருந்தார். புது ஆள் வரும்போதெல்லாம் புது போட்டோ, புது கேட் பாஸ், இன்றுதான் சேர்ந்தேன் என்று ஒரு கையெழுத்து. அப்படி அவள் ஏழு முறை புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள்.

படிப்பு பத்தாவதோடு நின்றுபோனது. ஆனாலும் தொழிலாளர் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒன்றைக்கூட அவள் விட்டதில்லை. நடத்தியவர் செயலாளர் இன்னாசிமுத்து. அவளோடு ஒரே நாளில் வேலைக்கு வந்து, அதே பெல்ட்டின் கீழ் வாரியவர். 1215-இல் இங்கிலாந்து அரசன் முத்திரை வைத்துக் கொடுத்த சாசனம், 1789-இல் பிரான்சில் எழுதிய பிரகடனம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். 1948-இல் ஐ.நா. பிரகடனத்தை எழுதும்போது, எல்லா ஆண்களும் என்று இருந்ததை எல்லா மனிதர்களும் என்று மாற்ற வைத்தது இந்தியாவிலிருந்து போன ஒரு பெண் என்றார். அன்று தன் ஊரான குறிஞ்சிப்பாடியில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை அன்புக்கரசிக்கு அதே நினைப்பாக இருந்தது. ஒரு பெண் சொல்லித் தாளில் இருந்த சொல் மாறியிருக்கிறது.

அதனால்தான், வேலை பார்த்த எல்லா வருடங்களையும் சேர்த்துக் கணக்கிட்டு பர்மனென்ட் கேட்டு மனு கொடுக்கலாம் என்று அவர் சொன்னதும் அவளே முன்னால் நின்றாள். ஷிப்ட் முடிந்து பஸ் கிளம்பப் பத்து நிமிடம்தான் இருக்கும். அதற்குள் எழுதிப் படித்துக் காட்ட முடியாது. முதலில் வெறும் தாளில் கையெழுத்து, பிறகு மனு. அங்கே எப்போதும் அதுதான் வழக்கம். அவளும் ஒரு வார்த்தை கேட்டாள்.

"மேல ஒண்ணுமே இல்லையேண்ணே?"

"டைப் அடிச்சி மேல வச்சிக்கலாம் தங்கச்சி. நீ வாங்கிகினு வா, உனக்குத்தான் போடுவாங்க."

அது உண்மை. கூட வேலை பார்க்கும், எழுதப் படிக்கத் தெரியாததால் எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்காத விருத்தாம்பாள்கூட அவளுக்காகக் கட்டைவிரலை நீட்டினாள். மனுவில் என்ன இருக்கும் என்று அன்புக்கரசி வாயால் சொன்னாள், விருத்தாம்பாள் விரலை மையில் தொட்டாள். ஐந்து தாள், நூற்றுப் பன்னிரண்டு பேர். முதல் பெயர் அன்புக்கரசி.

இரண்டு மாதம் கழித்து காண்ட்ராக்டர் ஷெட்டில் ஒரு ஒப்பந்தம் ஒட்டியிருந்தார்கள். இப்போதைய பாஸ் தேதியிலிருந்துதான் எங்கள் வேலைக்காலம், அதற்கு முந்தைய வருடங்களுக்கு எந்த உரிமையும் கேட்க மாட்டோம் என்று இருந்தது. அதன் பின்னால் அதே ஐந்து தாள். தன் கையெழுத்தை அவள் கொஞ்ச நேரம் வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று மாலையே இன்னாசிமுத்து வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி ஜெயசெல்வி டீ கொடுத்துவிட்டு உள்ளே போனவள் திரும்ப வரவில்லை. இன்னாசிமுத்துவின் கழுத்தில் புதிதாக ஒரு சூப்பர்வைசர் பாஸ் தொங்கியது.

"ஒத்துக்கலன்னா காண்ட்ராக்டரு அத்தினி பேரையும் வெளிய தள்ளியிருப்பான். வேலையயாவது காப்பாத்திக் குடுத்தேன் இல்ல?" என்றார்.

"யாரு வேலையண்ணே?"

அவர் பாஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வரும் வழியில் அவள் போனில் தேடிப் படித்திருந்தாள். முத்திரை வைத்த மூன்று மாதத்துக்குள் அந்த இங்கிலாந்து அரசன் போப்பாண்டவரைக் கொண்டே சாசனத்தைச் செல்லாததாக்கிவிட்டான்.

"அத நீ வகுப்புல சொல்லவே இல்லியேண்ணே" என்றாள். தெரியாமல் விட்டாரா, தெரிந்தே விட்டாரா என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அவர் டீயைக் குடிக்கச் சொன்னார்.

இரண்டு நாள் லீவு போட்டு மனுவை அவளே கையால் எழுதினாள். இந்த முறை ஒவ்வொரு தாளிலும் முழு மனு, அதன் கீழேதான் பெயர்களுக்கு இடம். மூன்றாம் நாள் பஸ் நிற்குமிடத்தில் விருத்தாம்பாளிடம் முதலில் போய் முழுதும் படித்துக் காட்டினாள். விருத்தாம்பாள் கடைசிவரை கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்குது. அன்னிக்கும் நீதாம்மா சொன்ன."

கோபமாகச் சொல்லவில்லை. வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு இடது கையால் கம்பியைப் பிடித்துப் பஸ்ஸில் ஏறினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் தாளைத் தொடாமலே ஏறினார்கள். மைப்பெட்டியை மூடாமல் அன்புக்கரசி கீழேயே நின்றாள். அவளுடைய பஸ்ஸும் அதுதான்.