மாசியில் பெய்யாத மழை

பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பயிற்சிப் பாடநெறியின் கடைசிக் கிழமையில், எல்லோரும் ‘எழுத்தில் என் வளர்ச்சி’ என்று ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டும் என்றார் மேடம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் என்னோடு ஒரே அறையில் இருந்த பெண்கள் அன்றைக்கே எழுதி முடித்து, ஒருத்திக்கு ஒருத்தி வாசித்தும் காட்டினார்கள். முன்பு இருளில் கிடந்தார்களாம், மேடம் விளக்கேற்றி வைத்தாராம், இப்போது சிறகு விரித்துப் பறக்கிறார்களாம். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அந்த வருடத்தில் என்னிடம் வளர்ந்தது அந்தக் குமட்டல் ஒன்றுதான். அதை எப்படி எழுதிக் கொடுப்பது என்று தெரியாமல் ஏதோ கிறுக்கிக் கொடுத்தேன். அன்றைக்கு எழுதாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதல் வகுப்பில், உங்கள் வீட்டில் நடந்த ஒன்றை எழுதுங்கள் என்றார் மேடம். பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கிக் குவித்தவள் நான். யோசிக்கவே இல்லை, மாசி மழையை எழுதினேன். நான் பள்ளிக்கூடத்தில் ஏ.எல் சோதனைக்குப் படித்த காலத்தில் அப்பாவுக்கு டெங்கு வந்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மாவும் நானும் அவரோடேயே நின்றோம். எங்கள் ஊரான கரவெட்டியில் தோட்டத்து வெங்காயம் தண்ணீர் இல்லாமல் கருகிப்போயிருக்கும் என்ற நினைப்போடுதான் திரும்பி வந்தோம். பார்த்தால் பாத்தியெல்லாம் ஈரம், தாள் பச்சைப்பசேல் என்று நிற்கிறது. “மாசியிலை மழை பெய்திருக்கு, கடவுள்தான்” என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். இதைத்தான் நான், ‘வான்மகள் தன் கருணைக் கண்ணீரைப் பொழிந்து ஓர் ஏழை உழவனின் கண்ணீரைத் துடைத்தாள்’ என்று எழுதியிருந்தேன்.

மேடம் அந்த வரியின் கீழே சிவப்புக் கோடு இழுத்து, வகுப்பில் என்னை எழுப்பிவிட்டார்.

“நீர் இந்த மழையைப் பாத்தனீரோ?”

“இல்லை மேடம்.”

“உம்மடை அப்பா ஏழையோ?”

“இல்லை.”

“அப்ப இது ஆரின்ரை கதை?”

வகுப்பே சிரித்தது. அந்த மனுசியில் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அறைக்கு வந்து, என்ன பிழை கண்டுவிட்டார் என்று திரும்ப வாசித்தேன். வான்மகள் என்ற சொல் முழுக்க ஊரார் எச்சில். எத்தனை பேர் சப்பித் துப்பியதை எடுத்து என் அப்பாவின் தோட்டத்தில் போட்டிருந்தேன்! அன்றைக்குப் பிடித்த அருவருப்பு பிறகு விடவே இல்லை. கலியாணக் காட், கோயில் நோட்டீஸ், முகப்புத்தகத்துப் பிறந்தநாள் வாழ்த்து, எதை வாசித்தாலும் அந்த எச்சில்தான் தெரிந்தது. ஒரு வரி எழுதினால் இரண்டு வரி வெட்டினேன்.

அந்த நேரம்தான் பெரியப்பா செத்தார். அப்பாவின் ஒரே அண்ணன், பக்கத்து வளவுக்காரர். எங்கள் தோட்டத்துக்கும் அவர் வளவுக்கும் நடுவில் ஒரு வேலி. அதை அடைத்தபோது பெரியப்பா இந்தப் பக்கம் தள்ளி நட்டுவிட்டார் என்று தொடங்கிய சண்டையில், அண்ணனும் தம்பியும் முகம் பார்ப்பதில்லை. பெண்களும் பிள்ளைகளும் போய்வருவோம். ஆண்கள் இருவரும்தான் கதைப்பதில்லை. செத்தவீட்டிலும் அப்பா வாசல் படலையடியில் நின்றுவிட்டு வந்துவிட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். செத்தவரின் படமும் வாழ்க்கை வரலாறும் புலம்பல் பாட்டுகளும் போட்டு, வந்து சாப்பிட்டுப் போகிறவர்களின் கையில் கொடுக்கிற புத்தகம். கனடாவிலிருந்து வந்திருந்த பெரியப்பாவின் மகன் என்னைப் பிடித்தார். “தங்கச்சி, நீதானே எழுத்துப் படிக்கிறாய். அப்பாவின்ரை வரலாற்றை நீ எழுது.”

பெரியம்மாவிடம் போய்க் குந்தினேன். நல்ல மனிசன், கோபக்காரன், தேத்தண்ணிக்குச் சீனி காணாவிட்டால் கோப்பையோடு எறிவார் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

“கொப்பா ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை, விடியக் காலமை வேலிக்கு மேலாலை ஹோசைப் போட்டு உங்கடை வெங்காயத்துக்குத் தண்ணி விட்டவர். ஆருக்கும் சொல்லிப்போடாதை எண்டு என்னை வெருட்டி வைச்சவர் பிள்ளை.”

எனக்குக் கூசிப்போனது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஹோசோடு நின்ற பெரியப்பாவுக்குத்தான் நான் வான்மகள் என்று பெயர் வைத்திருந்தேன்.

அன்றைக்கே எழுதினேன். கோபக்காரர் என்று எழுதினேன், கோப்பை எறிந்ததை எழுதினேன். ‘தம்பியோடு பல வருடம் கதைக்கவில்லை. தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருடைய வெங்காயத்துக்கு வேலிக்கு மேலால் தண்ணீர் விட்டார்’ என்று எழுதினேன். அதில் வெட்ட ஒரு சொல்லும் இருக்கவில்லை. அப்பாவிடம் வாயால் சொல்லவில்லை. ஊரே வாசிக்கிற புத்தகத்தில் அவரும் வாசித்து அறியட்டும், அதற்குப் பிறகாவது அண்ணன் என்று வாய்விட்டு அழட்டும் என்று காத்திருந்தேன்.

அந்தியேட்டியன்று பந்தியில் இருந்தபடியே கல்வெட்டைத் திறந்தேன். நான் எழுதியதில் ஒரு வரிகூட இல்லை. ‘அன்னார் தம் அன்புத் தம்பியுடன் ஒரு கொடியில் பூத்த இரு மலர்களாய் ஒட்டி உறவாடி’ என்று போகிறது. அடுத்த பக்கத்தில் வான்மகளும் வந்திருந்தாள், பெரியப்பாவுக்காகக் கண்ணீர் வடித்துக்கொண்டு. கடைசியில், ‘ஆக்கம்: பெறாமகள், பல்கலைக்கழக மாணவி’ என்று தம்பி மகளான என்னைப் போட்டிருந்தார்கள்.

கனடா அண்ணை சாம்பார் வாளியோடு வந்தார். “சண்டை பிடிச்சதையெல்லாம் போட்டால் சனம் என்ன சொல்லும் தங்கச்சி? அச்சகத்திலை ரெடியாய் எழுதி வைச்சிருக்கிறாங்கள், பேரை மட்டும் மாத்தினது. வடிவாய் இருக்குத்தானே?” எழும்பிப் போய்க் கையைக் கழுவினேன். தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

நான் வீட்டுக்குக் கொண்டுவந்த கல்வெட்டை அப்பா கிணற்றடியில் நின்றபடி வாசித்தார். வாசித்துவிட்டு நிலத்தில் துப்பினார்.

“ரெண்டு மலராம். அந்தாள் என்னோடை ஒரு சொல்லுக் கதைச்சதே? உந்தக் குப்பையை நீயே எழுதினனீ?”

அப்பாவின் முகத்தில் நான் கண்டது என் குமட்டலேதான். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. ஹோஸ், வேலி, வெங்காயம், பெரியம்மாவை வெருட்டி வைத்தது எல்லாவற்றையும் கொட்டினேன்.

அப்பா வேலியைப் பார்த்தார். “அப்ப அது மழை இல்லையோ?”

“இல்லை அப்பா.”

வேலியடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். பிறகு, “அண்ணை தண்ணி விட்டதை ஏன் பிள்ளை இதிலை எழுதேல்லை?” என்றார்.

“எழுதினனான் அப்பா.”

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கல்வெட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி தேடத் தொடங்கினார்.