தளபதிகள் சந்தித்த கல்

சேரப்பணஞ்சேரியில் நாங்கள் கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா வைத்தபோது அப்பாவுக்குத் தொடர்ந்து நைட் ஷிப்ட். அம்மாவின் அண்ணனான என் மாமா சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்தார். நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துத் தரவேண்டிய பத்திரிகையை அப்பா தெரிந்த ஷேர் ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். பத்திரிகை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. மாமாதான் வரவில்லை. "தங்கச்சி புருசனுக்கு எங்க வூட்டு வாசப்படி தெரியலையா?" என்றாராம். அதோடு பேச்சு நின்றது.

இதில் மாட்டிக்கொண்டது என் காது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். மடிக்குச் சொந்தக்காரர் முறுக்கிக்கொண்டிருந்ததால் நான் மூளிக்காதோடு பள்ளிக்கூடம் போனேன். மற்ற பிள்ளைகள் கம்மலை ஆட்டி ஆட்டிப் பேசும்போது எனக்கு அழுகை அழுகையாக வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னையும் அப்பாவையும் ஒரகடம் ரோட்டோரம் இருந்த ஒரு கல்லுக்கு அழைத்துப் போனாள். எப்போதோ நடந்த போரில் ஒரே பக்கம் நின்ற இரண்டு படைகளின் தளபதிகள் அங்கே சந்தித்துப் பேசினார்கள் என்று அதில் எழுதியிருந்தது. கீழே இருவர் பெயர்களும் இருந்தன. ஒரே பக்கம் இருந்தவர்கள் எதற்குத் தனியாகச் சந்திக்க வேண்டும் என்று கேட்டேன். "சும்மா வாடி," என்றாள் அம்மா. எங்கள் வீடும் இல்லாமல் மாமா வீடும் இல்லாமல் நடுவில் அவளுக்குக் கிடைத்த இடம் அதுதான்.

கல்லுக்கு அந்தப் பக்கம் மாமா நின்றிருந்தார். அம்மா ரோட்டைத் தாண்டிப் போய்க் கொய்யாப்பழ வண்டியில் பழம் பொறுக்க ஆரம்பித்தாள்.

அப்பாவும் மாமாவும் கல்லை ரொம்ப அக்கறையாகப் படித்தார்கள். பிறகு மாமா என்னிடம், "பாப்பா, உங்கப்பா வரச் சொன்னாராமே, இன்னா விஷயம்னு கேளு," என்றார்.

கைக்கெட்டும் தூரத்தில் நின்ற அப்பாவிடம் திரும்பி அப்படியே கேட்டேன்.

"நானா? உங்க மாமாதான் பேசணும்னு துடிச்சிக்கினு கீறாருன்னு உங்கம்மா சொன்னா."

அதையும் மாமாவிடம் ஒப்பித்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார்கள். அம்மா தலை நிமிராமல் ஒரு கொய்யாவை முகர்ந்துகொண்டிருந்தாள். கன்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே போய் அவளை மறைத்தது. போன பிறகும் அதே பழம்தான் அவள் கையில் இருந்தது. ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன், கம்மல் போச்சு என்று நினைத்தேன்.

மாமாதான் முதலில் சிரித்தார். "ஒரு நட வந்து கூப்ட்ருக்கலாம் மாப்ள," என்றார், இந்த முறை என்னிடம் சொல்லாமல் நேராகவே.

"தப்புதான் மச்சான். வாங்க, டீ சாப்பிடலாம்," என்றார் அப்பா.

அடுத்த மாதம் மாமா மடியில் உட்கார்ந்து, ஊருக்கே கேட்கும்படி அழுது, காது குத்திக்கொண்டேன். பந்தியில் அப்பா, தான்தான் முதலில் ஆள் விட்டுக் கூப்பிட்டதாகப் பெருமையடித்தார். மாமா விடுவாரா? தான்தான் என்றார். இன்றுவரை எந்த விசேஷத்திலும் இந்த வழக்கு ஓய்ந்ததில்லை. அன்றைக்கு அம்மா இருவர் இலைக்கும் சாம்பார் ஊற்றிக்கொண்டு போனாள்.

யார் சொல்வது நிஜம் என்று அவளிடமே போய்க் கேட்டேன். "ரெண்டு பேருந்தான்," என்றாள். அப்படியே நம்பினேன். கல்லிலும் இரண்டு பெயர்தானே இருந்தது? எரிகிற காதில் புதுக் கம்மலைத் தொட்டுப் பார்த்தபடி விளையாடப் போய்விட்டேன்.