ஆனைக்குட்டத்தில் மூன்று நாள் ஒலிப்பதிவு வகுப்பு

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை காலை திருச்சியிலிருந்து ரயிலேறினேன். சிவகாசிக்குப் போகிறேன் என்றதும் பக்கத்து வீட்டில் மத்தாப்புப் பட்டியல் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நான் போனது பட்டாசு வாங்க இல்லை, ஒருவருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க. போன காரியம் உருப்படவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல முடிவுக்காகப் படிப்பவர்கள் வேறு பதிவுக்குப் போகலாம்.

இங்கே புதிதாக வந்தவர்களுக்கு: நான் பிறவியிலேயே பார்வையற்றவள். பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து, வெட்டி ஒட்டிச் சீராக்கிக் கொடுப்பது என் பிழைப்பு. அந்தத் தொழிலைப் பார்வையில்லாத மற்றவர்களுக்குத் தொலைபேசி வழியாகக் கற்றும் கொடுக்கிறேன். திரையில் விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று படித்துச் சொல்லும் திரை வாசிப்பான் இருந்தால், கைபேசியிலேயே இந்த வேலையைச் செய்துவிடலாம். அப்படிச் சேர்ந்தவர்தான் சிவகாசிக்குப் பக்கத்தில் ஆனைக்குட்டத்துச் செல்வராஜ். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலையில் இருந்தவர். மூன்று வருடத்துக்கு முன் நடந்த வெடிவிபத்தில் இரண்டு கண்ணும் போய்விட்டன.

குரல் என்றால் அப்படி ஒரு குரல். கோயில் கொடைத் திருவிழாவில் அறிவிப்புச் சொல்லி ஊரே பழகிய குரல். சிவகாசி ரோட்டில் பட்டாசுக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், ஆட்டோவில் கட்டிப் போகும் ஒலிபெருக்கி விளம்பரத்தைப் பதிவு செய்து தரச் சொல்லியிருந்தார். நன்றாக வந்தால் சீசன் முழுக்க ஆர்டர். "இது மட்டும் நெலைச்சுட்டா முனீஸ வேன்ல ஏறவிட மாட்டேன் டீச்சர்" என்று செல்வராஜ் போனில் சொன்னார். முனீஸ்வரி அவர் மனைவி. அவருக்கும் பட்டாசு ஆலையில்தான் வேலை. காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஆனால் செல்வராஜ் அனுப்பிய பதிவு ஒவ்வொன்றிலும் திரை வாசிப்பானின் குரல் நடுவில் புகுந்து கெடுத்தது. ஹெட்போன் போட்டால் தீர்ந்தது. நூறு தடவை சொல்லிவிட்டேன். "சரி டீச்சர்" என்பார். மறுநாளும் அதே கதை. நேரில் போய்த் தலையில் குட்டிவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன்.

விருதுநகர் சந்திப்பில் இறங்கியபோது மணி பதினொன்று. சிவகாசிக்கு அங்கிருந்து இருபத்தேழு கிலோமீட்டர் போல இருக்கும். பேருந்துக்கட்டணம் முப்பது ரூபாய்க்குள்தான். சிவகாசி பேருந்து நிலையத்திலிருந்து ஆனைக்குட்டத்துக்கு ஆட்டோவில் இருநூற்றைம்பது கொடுத்தேன். ஊர்ப் பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுமை உள்ளவர்கள் காத்திருக்கலாம், எனக்குக் கிடையாது.

"கூட ஆரும் வரலியாம்மா?" என்றார் ஆட்டோக்காரர்.

"நீங்க வர்றீங்களே" என்றேன். சிரித்துவிட்டு, போகிற வழி முழுக்க எந்த ஆலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். எந்த ஆலையில் எப்போது வெடித்தது என்பதையும் சேர்த்துச் சொன்னார். பேருந்து நிறுத்தங்களின் பேரை ஒப்பிக்கிற அதே குரலில்.

முனீஸ்வரி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்கக்கா, சாப்ட்டீகளா? வெயில்ல வந்திருக்கீக." உள்ளே ஒரு கட்டிலைச் சுற்றிப் பழைய மெத்தையும் போர்வையும் கட்டி, அதற்குள் உட்கார்ந்து பதிவு செய்துகொண்டிருந்தார் செல்வராஜ். எதிரொலி துளியும் இல்லை. எனக்கே பொறாமையாக இருந்தது. பாராட்டிவிட்டு, பையிலிருந்து புது ஹெட்போனை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"அத மாட்ட முடியாது டீச்சர். எடது காது அன்னைக்கே போச்சு. வலது காதுல ராப்பகலா சில்லுவண்டு கத்துது. மேல எத வச்சாலும் உயிர் போற வலி."

"இத்தனை மாசமா ஏன் சொல்லலை?"

"கண்ணு போனா என்னப்பா, காது இருக்கேன்னுதான் எல்லாரும் சொல்றாக. நீங்களும் அதத்தான சொன்னீக. அந்தக் காதும் இல்லன்னு எப்டிச் சொல்றது?"

ஹெட்போனைத் திரும்பப் பையில் போட்டேன். கண் இல்லாவிட்டால் காது கூர்மையாகிவிடும் என்று ஊரார் சொன்னால் எரிச்சல்படுகிறவள் நான். என் பாடம் முழுவதையும் அந்த நம்பிக்கையின் மேல்தான் கட்டியிருந்தேன். வெடி கண்ணை மட்டும் பார்த்து வெடிக்குமா?

சரி, வந்தாயிற்று. மாலைவரை மோதிப் பார்த்தோம். திரை வாசிப்பானை அணைத்துவிட்டுப் பேசலாம். ஆனால் பதிவை நிறுத்தும் பொத்தானைத் தேட அதை மறுபடியும் எழுப்பியாக வேண்டும். எழுந்ததும் அது பேசும். அந்தப் பேச்சு பதிவின் வாலில் ஒட்டிக்கொள்ளும். வாலை வெட்டுவது எனக்கு ஒரு நொடி வேலை. அவருக்கோ பதிவில் சன்னமாகக் கேட்கும் அந்தக் குரல் சில்லுவண்டுச் சத்தத்தில் மூழ்கிப் போகிறது. கடைசியில் ஒரு வழி தோன்றியது. பேசி முடித்ததும் பலமாக ஒரு கைத்தட்டு. அது அவருக்குக் கேட்கும். கைத்தட்டிலிருந்து பின்னால் உள்ள அனைத்தையும் வெட்டிவிட வேண்டியது, அவ்வளவுதான்.

வேலை செய்தது! பொழுது சாய்வதற்குள் சுத்தமான விளம்பரம் ஒன்று தயார். நான் வெட்டித் தருகிறேன் என்றதற்கு அவர் ஒப்பவில்லை, "நீங்க ஊருக்குப் போனப்பறம் ஆரு வெட்டுவா?" என்று தானே செய்தார். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் அவர் மூச்சு நின்று நின்று வந்ததைக் கேட்டேன். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு முனீஸ்வரி வைத்த கோழிக்குழம்பு கல்யாண விருந்துபோல இருந்தது. "திங்கக்கெளம வேன்காரன் ஆரன் அடிச்சா, வரலன்னு சொல்லிருவேன்க்கா" என்றார்.

ஞாயிறு காலை நேர்த்திக்கடன் ஒன்று இருக்கிறது என்று முனீஸ்வரி என்னை இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனார். சாத்தூர் போய் மாறிப் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நசுக்கிவிடும். கைத்தடியை மடக்கிப் பையில் வைத்துவிட்டுக் கூட வருபவரின் முழங்கையைப் பிடித்துக்கொள்வது நல்லது. ஆற்று மணல் காலைச் சுட்டது. கண்நோய் தீர்க்கும் அம்மன் என்று பேர்; முனீஸ்வரி வீட்டுக்காரர் கண்ணுக்கு வேண்டவில்லை, விளம்பர ஆர்டருக்கு வேண்டினார்.

மத்தியானம் சிவகாசி பேருந்து நிலையத்துக்குத் திரும்பி வந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது தூரத்தில் ஒலிபெருக்கி கேட்டது. முனீஸ்வரி என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அக்கா! அவுக குரலு! அவுகதான்!"

அவரேதான். கணீரென்று வந்தது. "வாங்க வாங்க, குடும்பத்தோட வாங்க... இன்று முதல் கூடுதல் தள்ளுபடி!" அந்தக் கடைசி வரி நேற்று நாங்கள் பதிவு செய்ததில் கிடையாது. அதை அடுத்து, ஒலிபெருக்கியில் ஊதிப் பெருத்த இயந்திரக் குரல்: "பதிவை நிறுத்து, பொத்தான். இயக்க, இருமுறை தட்டவும்."

டீக்கடையில் சிரித்தார்கள். ஆட்டோ சுற்றிச் சுற்றி வந்தது, வந்தபோதெல்லாம் சிரித்தார்கள். யாரோ ஒருவர் மேசையை இருமுறை தட்டிக் காட்டினார். முனீஸ்வரியின் கை என் தோளிலிருந்து மெதுவாக இறங்கியது.

நாங்கள் கோயிலில் இருந்தபோது அண்ணாச்சி செல்வராஜுக்குப் போன் செய்து, தள்ளுபடியை மாற்றிவிட்டோம், கடைசி வரியை உடனே புதிதாகப் பேசி அனுப்பு என்றிருக்கிறார். அவர் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்; கூட்ட இரைச்சலில் எங்கள் இரண்டு போனும் அடித்தது தெரியவில்லை. செல்வராஜ் தனியாகவே பேசி, ஒட்டி, போட்டுக் கேட்டு, ஒன்றும் கேட்காததால் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்.

"ஏன் கை தட்டலை செல்வராஜ்?" என்றேன் வீட்டுக்கு வந்ததும். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன்.

"கை தட்டுனா எனக்கு அன்னைக்குக் கேட்ட சத்தம்தான் டீச்சர். நெஞ்சு அடைச்சிரும். நேத்து நீங்க பக்கத்துல இருந்தீக, பல்லக் கடிச்சிக்கிட்டுத் தட்டுனேன். தனியா இருக்கையில கை சேர மாட்டேங்குது" என்றார்.

தட்டுக்குப் பதிலாக மணி அடிக்கலாம், தகரத்தைத் தட்டலாம் என்று என் புத்தி அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சத்தமே ஆகாதவரிடம் இன்னொரு சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அண்ணாச்சி போனில் பேசினார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். "தம்பி, தப்பா நெனைக்காதீக. ஊரே சிரிக்குது. சீசன் நேரம், எனக்கு வேற வழியில்ல. நம்ம கணக்குப்பிள்ள ஏதோ ஆப்புல எழுதிப் போட்டாரு, அதுவே பேசிருச்சு. பொம்பளக் குரலு, நல்லாத்தான் இருக்கு." தன் விளம்பரத்துக்குள் புகுந்து கெடுத்த இயந்திரத்துக்கே வேலையைக் கொடுத்துவிட்டார். செல்வராஜ் "சரிங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

திங்கள் காலை தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டபோது முனீஸ்வரி ஏற்கனவே தலை வாரி, தூக்குவாளியில் சோறு கட்டி முடித்திருந்தார். "அக்கா, இட்லி மூடி வச்சிருக்கேன். அவுகளையும் சாப்பிடச் சொல்லுங்க" என்றார். வேனுக்குள் பெண்கள் யாரையோ கேலி பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது, வேன் போய்விட்டது. செல்வராஜ் கட்டிலைச் சுற்றிக் கட்டியிருந்த மெத்தையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் உதவப் போனேன்; வேண்டாம் என்றார்.

இதேபோலப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மழைக்காலம் தொடங்கும் முன் போங்கள். விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா நன்றாக இருக்கும் என்கிறார்கள். திரும்பும்போது வாங்கினேன், இறங்கவில்லை. ஆலைப் பக்கம் வெளியார் போகக்கூடாது. யாருக்காவது தொழில் சொல்லிக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், கருவியைப் பையில் வைப்பதற்கு முன் அவருக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள். போனில் கேட்டால் சொல்லமாட்டார்கள். நேரில் கேட்டும் பாதிதான் எனக்குத் தெரிந்தது.

செல்வராஜ் இப்போது பயிற்சிப் பதிவுகள் அனுப்புவதில்லை. நானும் கேட்பதில்லை. ஆலைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது என்பதால் பகல் முழுக்க முனீஸ்வரியோடு பேச வழியில்லை. சாயங்காலம் எனக்கு ஒரு குரல் செய்தி வரும். "டீச்சர், அவ வந்துட்டா." அவ்வளவுதான் அதில் இருக்கும். நேற்று அது வர நேரமாகிவிட்டது. போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.