முப்பத்திரண்டாவது பிழை

எமில் செல்வரட்ணம் கையைத் தூக்கினார், ஆட்டம் நின்றது. துடுப்போடு நின்ற எதிரணிக்காரனின் முதுகில் இருப்பது ஒன்றா ஏழா என்று அவருக்குத் தெளிவில்லை. நடுவர் வந்தார். எதிரணிப் பயிற்சியாளர் வந்தார். முதுகுக்குச் சொந்தக்காரனும் வந்து மேசைக்கு முன்னால் திரும்பி நின்றான். எமில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, நோயாளியைச் சோதிக்கும் வைத்தியரைப்போல அந்த முதுகை ஒரு விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏழு. மேல்கோடு உரிஞ்சு போச்சுது. அடுத்தமுறை வடிவாய் ஒட்டிக்கொண்டு வாரும்" என்று ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டு எழுதினார். அதன் பிறகுதான் பந்து எறியப்பட்டது.

டோர்ட்மண்டின் தெற்குப்புறத்தில், மூடிப்போன நிலக்கரிச் சுரங்கம் ஒன்றின் அயலில் 'மோல்ஸ்' என்ற பேஸ்போல் அணியின் மைதானம் இருந்தது. மோல் என்பது மண்ணைக் கிண்டும் அகழெலி. அதை அந்நாட்டில் கொல்லக்கூடாது. அணியின் பெயரைக் கேள்விப்பட்டு வந்ததுபோல அவை மைதானத்தின் பின்பாதி முழுவதும் குடியேறியிருந்தன. எமில் அந்த அணியின் ஸ்கோரர். வாரநாட்களில் ஒரு தொழிற்சாலையில் திருகாணிகளின் தரம் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் சப்பாத்துமாக மைதானத்துக்கு வந்துவிடுவார். அங்கே கழுத்துப்பட்டி கட்டிய ஒரே மனிதர் அவர்தான். வெளியூர் அணிகள் அவரைச் சம்மேளனத்தின் பரிசோதகர் என்று எண்ணி எழுந்து நின்று கைகொடுப்பார்கள். எமில் ஒருநாளும் 'ஓம்' என்று சொன்னதில்லை. 'இல்லை' என்றும் சொன்னதில்லை.

மன்னாரில் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்துக் கிரிக்கெட் அணியில் சேர அவர் ஆசைப்பட்டார். மூன்று பந்து போட்டுப் பார்த்த விளையாட்டு ஆசிரியர் அவர் கையில் பென்சிலைக் கொடுத்தார். தொண்ணூற்றைந்தில் டோர்ட்மண்டில் ஒருநாள் நடந்துபோகும்போது மரத்தில் பந்து படும் ஓசை கேட்டது. கிரிக்கெட்தான் என்று விழுந்தடித்து ஓடிப் போனவர், அது வேறேதோ என்று கண்டும் திரும்பிவிடவில்லை. அரைமணி நேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம் "ஆர் ஸ்கோர் எழுதுறது?" என்று கேட்டார். சரியாக எழுத ஒருவரும் இல்லை. அடுத்த வருடமே ஜெர்மன் விதிப்புத்தகத்தைப் பாடமாக்கிச் சோதனை எழுதி, ஸ்கோரர் அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டார். இன்றும் அது சட்டைப்பையில் இருக்கிறது.

"இந்த நாட்டிலை நான் அழுது மண்டாடாமல் வாங்கின ஒரே கடதாசி உதுதான்" என்பார்.

அதற்கும் ஒரு கதை உண்டு. எண்பத்தைந்தில் அகதியாக வந்திறங்கியபோது, பெயர் பதிந்த அதிகாரி ஒரு எழுத்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டார். எமில் எமிலி ஆனார். நான்கு வருடம் ஜெர்மன் அரசின் கணக்கில் அவர் ஒரு பெண். கர்ப்பிணிகளுக்கான தேகாப்பியாச வகுப்புக்கு அழைப்புக் கடிதம்கூட வந்தது. அந்த எழுத்தை நீக்கச் சொல்லி அவர் நிரப்பிக் கொடுத்த அன்ட்ராக் விண்ணப்பங்கள் ஒன்பது. அதிகாரியைச் சந்திக்க நாள் குறித்து வாங்கிய டெர்மின்கள் அதற்கும் மேல். ஒவ்வொரு டெர்மினிலும் மீசையோடு போய் நிற்பார். அதிகாரி மீசையைப் பார்ப்பார், பேப்பரைப் பார்ப்பார், "ஆனால் இங்கே எழுதியிருக்கிறதே" என்பார்.

அதனால் எமிலுக்கு எழுத்து என்றால் விளையாட்டில்லை. பேஸ்போலில் ஒரு பந்து பிடிபடாமல் போனால், அது அடித்தவனின் கெட்டித்தனமா, பிடிக்க நின்றவனின் பிழையா என்று தீர்ப்பது ஸ்கோரர்தான். அடித்தவனுக்கு என்றால் 'அடி'. பிடிக்காதவனுக்கு என்றால் 'பிழை'. எறிபவன் அசரும்போது அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவது 'களவு', ஓட்டம் முடிகிற தளம் 'வீடு'. எமில் பிழை போடுவதில் கஞ்சத்தனம் பார்த்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் பிராங்பேர்ட்டிலிருக்கும் மச்சான் ஜெனிஸ்டனுக்குத் தொலைபேசி எடுத்து ஒப்புவிப்பார்.

"இண்டைக்கு ஏழு பிழை. மூண்டு களவு. ஒருத்தன் வீட்டை வரேக்கை செத்தான்."

"அத்தான், உதை எனக்கு ஏன் சொல்லுறியள்? பாதரிட்டைச் சொல்லுங்கோ" என்பார் ஜெனிஸ்டன்.

2004ஆம் ஆண்டுப் பருவத்தில் மோல்ஸ் அணிக்கு இருபது ஆட்டங்கள். பத்தொன்பதில் தோற்றுவிட்டார்கள். கீழ்ப்பிரிவுக்கு இறங்குவது ஓகஸ்டிலேயே உறுதியாகிவிட்டது. தோல்விக்குப் பெரும்பங்கு செலுத்தியவன் மூன்றாம் தளத்தில் நிற்கும் யென்ஸ். நல்ல பெடியன், பந்துதான் அவனிடம் தங்காது. அந்தப் பருவத்தில் மட்டும் அவனுக்கு முப்பத்தொரு பிழைகள். அத்தனையையும் போட்டவர் எமில். இதிலுள்ள சிக்கல் என்னவென்றால், யென்ஸ் எமிலின் மூத்த மகள் அஞ்சலாவுக்கு நிச்சயிக்கப்பட்டவன். தை மாதத்தில் கலியாணம். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் மேசையடிக்கு வந்து, "மாமா, அது பிழையா? சூரியன் கண்ணுக்குள் அடித்தது" என்று நின்று வாதாடுவான். வானம் மூடியிருந்த நாட்களிலும் வாதாடியிருக்கிறான். அவன் படித்த முதல் தமிழ்ச் சொல் 'மாமா'. இரண்டாவது 'பிழை'.

"மருமோனாய் வரப்போறவன். ஒண்டு ரெண்டைக் கண்டும் காணாமல் விட்டால் என்ன?" என்று மனைவி கொறற்றி கேட்பார்.

"கண்டால் எழுதத்தானே வேணும், கொறற்றி."

கடைசி ஆட்டம் செப்ரெம்பர் மாதத்தில் வந்தது. பந்தெறிந்தவர் ஹோல்கர். நாற்பத்துநாலு வயது, தொழில் புகைபோக்கி துப்புரவாக்குவது. புகைபோக்கிக்காரனைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்பது ஜெர்மன்காரரின் நம்பிக்கை. பருவம் முழுக்க இரண்டு அணிக்காரரும் அவரைத் தொட்டுவிட்டுத்தான் ஆடினார்கள். அதிர்ஷ்டம் எதிரணியோடு போய்விட்டது. தோள்மூட்டு தேய்ந்துபோனதால் இதுதான் அவருடைய கடைசி நாள். அன்றைக்கு அந்தத் தோளுக்கு என்ன வந்ததோ! ஒன்று, இரண்டு, மூன்று என்று சுற்றுகள் போகின்றன. எதிரணியில் ஒருவனுக்கும் ஒரு 'அடி' கிடைக்கவில்லை. ஒன்பது சுற்றும் அப்படியே முடிந்தால் அது பேஸ்போலில் பெரிய சாதனை. சிலர் ஆயுள் முழுக்க எறிந்தும் கண்டதில்லை. மோல்ஸ் அணியில் ஒருவருக்கும் வாய்த்ததில்லை.

இப்படியொன்று நடந்துகொண்டிருக்கும்போது அதைப்பற்றி வாய்திறக்கக்கூடாது என்பது அந்த விளையாட்டின் எழுதாத சட்டம். ஏழாவது சுற்றிலிருந்து, ஆட்டக்காரர் இருக்கும் நீள வாங்கில் ஒருவரும் ஹோல்கருக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மனிதர் தனியே இருப்பதைக் கண்டு இரங்கிய கொறற்றி, ஒரு தட்டில் இரண்டு மீன் ரோல்ஸை வைத்துக்கொண்டு நேரே அவரிடம் போனார்.

"ஹோல்கர், இன்னும் ஒருத்தனும் அடிக்கேல்லையாம்! நல்லம், நல்லம். சாப்பிடுங்கோ" என்றார், மைதானம் முழுக்கக் கேட்கும் ஜெர்மனில்.

வாங்கிலிருந்தவர்கள் தலையில் கைவைத்தார்கள். பயிற்சியாளர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். ஹோல்கர் மட்டும் இரண்டு ரோல்ஸையும் சாப்பிட்டார்.

ஒன்பதாவது சுற்று. மோல்ஸ் இரண்டுக்குப் பூச்சியம் என்று முன்னணியில். இன்னும் இரண்டு பேரை வெளியேற்றினால் போதும். ஹோல்கர் எறிந்தார், அடித்தவன் அடித்த பந்து நிலத்தோடு நிலமாகச் சீறிக்கொண்டு யென்ஸுக்கு இடப்பக்கம் போனது. யென்ஸ் பாய்ந்தான். பருவம் முழுக்கக் கால்களுக்கிடையில் பந்தைப் போகவிட்டவன், அன்றைக்கு வானத்தில் கிடையாக நீண்டான். கையுறையின் நுனியில் பந்து பட்டது; பட்டு, விலகி, புல்லில் உருண்டது. அடித்தவன் முதல் தளத்தில் நின்றான்.

மைதானம் மொத்தமும் மேசைப் பக்கம் திரும்பியது. யென்ஸுக்குப் பிழை என்று எமில் எழுதினால் ஹோல்கரின் சாதனை நிலைக்கும். அடி என்று எழுதினால் போய்விடும்.

யென்ஸ் மண் அப்பிய முகத்தோடு எழுந்தான். பூசையில் பாவத்தை ஒப்புக்கொள்ளும் மன்றாட்டின்போது அஞ்சலாவோடு நின்று பார்த்துப் பழகியபடி நெஞ்சில் மூன்றுதரம் தட்டினான்.

"மாமா! என்ர பிழை! என்ர பிழை!" என்று தமிழில் கத்தினான்.

"போடுங்கோவன், அப்பா! அவனே சொல்லுறான்!" என்றாள் வேலியோரம் நின்ற அஞ்சலா.

முப்பத்தொரு பிழைக்கும் சண்டை பிடித்தவன் முப்பத்திரண்டாவதைக் கேட்டு மன்றாடுகிறான். எமிலின் கை பேப்பருக்கு மேலே அப்படியே நின்றது. ஹோல்கரை அவருக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். இந்தச் சாதனையை எழுதவேண்டும் என்று நாலாவது சுற்றிலிருந்தே அவருடைய நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் பாய்ச்சலை அவர் இரண்டு கண்ணாலும் கண்டிருந்தார். சாதாரண முயற்சியில் பிடிக்கக்கூடிய பந்தைத் தவறவிட்டால்தான் பிழை. உந்தப் பந்தைச் சாதாரண மனிசன் தொட்டிருக்கவே மாட்டான்.

"அடி" என்றார். எழுதினார்.

ஹோல்கர் அடுத்த இருவரையும் வெளியேற்றினார். அந்தப் பருவத்தில் மோல்ஸ் வென்ற ஒரே ஆட்டம் அதுதான். ஒருவரும் கொண்டாடவில்லை, எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் ஸ்கோரர் தன் தீர்ப்பை மாற்றலாம் என்று விதியில் இருக்கிறது. பயிற்சியாளர் அந்தப் பக்கத்தையே விரித்துக் காட்டினார்.

"இஞ்சருங்கோ, நான் வாய் வைச்சதாலைதான் எண்டு சனம் கதைக்குது. எனக்காக மாத்துங்கோவன்" என்று கொறற்றி கெஞ்சினார்.

யென்ஸோ அழுகிற நிலையில் நின்றான். "மாமா, நான் அதைப் பிடிச்சிருக்கவேணும்."

"இல்லை. உன்னாலை ஏலாது. ஆராலையும் ஏலாது" என்றார் எமில். "அதைத் தொட்டதே பெரிய காரியம். முப்பத்தொரு தரம் பிழை விட்டனீ, எழுதினன். இண்டைக்கு நீ விடேல்லை. விடாததை எப்பிடி எழுதுறது?"

அந்தப் பருவத்தில் ஒருவர் யென்ஸைப் புகழ்ந்தது அதுதான் முதல்தடவை.

ஹோல்கர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர்தான் அணித்தலைவர், பத்திரத்தில் அவருடைய கையெழுத்தும் வேண்டும். எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் பேப்பரைக் குனிந்து பார்த்தார். எமில் எழுந்து நின்று, முதல் சுற்றிலிருந்து விரலை வைத்துக் காட்டிக்கொண்டு வந்தார். எறிந்த நூற்றுப்பதினெட்டுப் பந்தும் சின்னச்சின்னப் புள்ளிகளாக அங்கே இருந்தன.

"ஹோல்கர், இந்த ஒண்டை நான் மாத்தினால், மிச்சத்தை ஆர் நம்புவினம்?"

ஹோல்கர் கரி படிந்த நகமுள்ள விரலால் ஒன்பதாவது சுற்றின் அந்தக் கட்டத்தை ஒருமுறை தட்டினார்.

"நல்ல அடிதான், நாசமாய்ப் போனது" என்றார். பிறகு பேனாவை வாங்கி, கட்டத்துக்கு வெளியே போகும்படி பெரிதாகக் கையெழுத்து வைத்துவிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு போனார்.

அது குமிழ்முனைப் பேனா, எழுதியவுடனேயே காய்ந்துவிடும். ஆனாலும் எமில் பேப்பரை இரண்டு கையாலும் ஏந்தி, அந்தக் கையெழுத்தின்மேல் மெதுவாக ஊதிக்கொண்டே நின்றார்.