தாம்பூலப் பையோடு போன பெயர்

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வழக்குக்குப் பயந்து அல்ல. எழுதினால் அந்த மனுஷனுக்கு ஓசி விளம்பரம். அதற்கு என் பேனாதான் கிடைத்ததா?

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் இரும்புலியூரில் வீட்டிலேயே புளிக்காய்ச்சல் செய்து விற்றுக்கொண்டிருந்தேன். ரயில் பிடித்து வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் வந்து வாங்கிப் போவார்கள். பெயரும் கிடையாது, லேபிளும் கிடையாது. காலி பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்தால் நிரப்பித் தருவேன். அப்போதுதான் என் அண்ணன் பேங்கில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு தாம்பரத்து வீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த மனுஷன் சும்மா இருந்திருக்கலாம்.

"இதைக் கம்பெனியா நடத்தலாம்மா. எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கு வியாபாரம் தானாக வந்துவிடும் என்று ஒரு நினைப்பு.

பெயர் வைப்பதற்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினோம். அண்ணன் முதலில் குலதெய்வத்தைக் கூப்பிட்டார். குரோம்பேட்டையில் மாடியில் ஆபீஸ் வைத்திருந்த டிரேட்மார்க் ஏஜென்ட், "அந்தச் சாமி பேர்ல ஏற்கெனவே ஊறுகாய் வருது சார்" என்றார். பிறகு அண்ணன் இங்கிலீஷுக்குத் தாவி, ராயல் என்றார், கோல்டு என்றார். புளிக்குப் போய் ராயலாம். எல்லாம் அடிபட்டுக் கடைசியில் நான் சொன்ன பெயர் நின்றது. அது அப்பா என்னைச் செல்லமாகக் கூப்பிட்ட பெயர். அப்பா போனபிறகு அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. மறுநாளே ஏஜென்ட் தேடிப் பார்த்துவிட்டு வந்து, "யாரும் எடுக்கல மேடம், இன்னிக்கே விண்ணப்பம் போட்டுடலாம்" என்றபோது நான் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடினேன்.

அண்ணன் குறுக்கே கையை நீட்டினார். "இருங்க. ஆனியில என் பொண்ணு கல்யாணம். அது முடியட்டும்."

கல்யாணம் வருவதற்குள் அவர் மூளை வேலை செய்தது. தாம்பூலப் பையின் ஒரு பக்கம் மணமக்கள் பெயரும் தேதியும், மறுபக்கம் எங்கள் புளிக்காய்ச்சலின் பெயர். உள்ளே தேங்காய், வெற்றிலை பாக்கோடு ஒரு சின்னப் பாக்கெட் புளிக்காய்ச்சல். "முதல்ல பதிவு பண்ணுங்கண்ணா, அப்புறம் விளம்பரம் பண்ணலாம்" என்றேன். தங்கை பேச்சைக் கேட்டால் பேங்க் ஆபீசருக்குக் கௌரவம் என்னாவது? மண்டபத்தில் கை கழுவிவிட்டு வந்தவர்களுக்கெல்லாம் பையைக் கொடுத்து, "பேரு எப்படி?" என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

கல்யாணம் முடிந்ததும் ஆடி பிறந்தது. ஆடியில் அண்ணன் புதிதாக ஒரு துடைப்பம்கூட வாங்க மாட்டார்.

ஆடி விருந்துக்குச் சம்பந்தி குடும்பம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா கீழ்க்கட்டளையில் மசாலா மில் வைத்திருந்தவர். நான்தான் பரிமாறினேன்.

"பாட்டில் எப்ப கடைக்கு வருது சம்பந்தி?" என்று கேட்டார்.

"ஆவணி முதல் முகூர்த்தத்துல பதிவு பண்ணிட்டுத்தான் கடைக்கு" என்றார் அண்ணன்.

"அப்ப இன்னும் பதிவு பண்ணலையா?"

"ஆடியில யாராவது புதுசா ஒண்ணு ஆரம்பிப்பாங்களா?"

"அதுவும் சரிதான்" என்று சம்பந்தி பாயசத்தை உறிஞ்சினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆவணியில் ஏஜென்ட் மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு முகம் செத்துத் திரும்பினார். அதே பெயருக்கு, அதே சரக்குக்கு, ஆடியிலேயே விண்ணப்பம் விழுந்திருந்தது. போட்டவர் சம்பந்தி. பதிவு ஆபீசுக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது. அது சம்பந்திக்குத் தெரிந்திருந்தது. பை அச்சடித்தவரிடம் ஓடினேன்.

"உங்க சம்பந்தி வந்து அதே டிசைனை வாங்கிக்கினு பூட்டாரு அக்கா. உங்க வூட்டு ஆளுதானேன்னு குடுத்துட்டேன். இன்னா, எதுனா பேஜாரா?" என்றார்.

ஏஜென்ட் மட்டும் தைரியம் சொன்னார். "பை நம்ம கையில இருக்கே மேடம். தேதி போட்டிருக்கு, உள்ளே பாக்கெட்டும் குடுத்திருக்கோம், எல்லாம் அவங்களுக்கு முன்னாடியே. எதிர்ப்பு மனு போட்டா நிக்கும். அவங்க விண்ணப்பம் டிரேட்மார்க் ஜர்னல்ல வெளியானதும் போட்டுடலாம்."

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "பொண்ணு அங்க வாழணும்மா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்ணைத்தானே தாரை வார்த்தீர்கள், என் பெயரையுமா சேர்த்து வார்த்தீர்கள் என்று கேட்டேன். மண்டபம் முழுக்கப் பேசிய மனுஷன் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். நான் மனு போடுவதாகவே முடிவு செய்துவிட்டேன்.

விண்ணப்பம் வெளியாக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நான் கையெழுத்துப் போடப் போவதற்கு முந்தின நாள் அண்ணன் மகள் தனியாகப் பஸ் ஏறி வந்தாள். மூன்றாம் மாத மசக்கை, முகம் வெளிறிக் கிடந்தது. வந்தவள் புளிக்காய்ச்சலைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டாள். பிறகு, "மனு போடுங்க அத்தை. அது உங்க பேரு. அங்க நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன்" என்றாள். போடாதீர்கள் என்று அழுதிருந்தால் போட்டிருப்பேன். அந்த 'எப்படியோ'வைக் கேட்டபிறகு எனக்குக் கை வரவில்லை. மறுநாள் ஏஜென்டைப் போனில் கூப்பிட்டு, வேண்டாம் என்றேன்.

வளைகாப்புக்குக் கலந்த சாதம் பெண் வீட்டார்தான் செய்து கொண்டுபோக வேண்டும். புளியோதரை என் பொறுப்பு. கீழ்க்கட்டளை வீட்டு வாசலிலேயே அந்தப் பெயர் பெரிய போர்டில் தொங்கியது. அப்பா சொன்ன பெயர், மசாலா மில் நெடியில். உள்ளே போய்ப் பரிமாறினேன்.

சம்பந்தி இரண்டாவது முறை இலையில் வாங்கிக்கொண்டு, விரலை நக்கிவிட்டு நிமிர்ந்தார். "என்னம்மா இது, எங்க சரக்கையே தூக்கிச் சாப்பிட்டுடுச்சே. நீங்க தனியா ஒரு தொழில் பண்ணலாம். நல்ல பேரா ஒண்ணு வெச்சு, முதல்ல அதைப் பதிவு பண்ணிடுங்க. காலம் கெட்டுக் கிடக்கு."

பக்கத்து இலையில் அண்ணன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். எதிரே மனையில், முழங்கை வரை வளையல் போட்டுக்கொண்டு, அவர் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க சம்பந்தி" என்றேன்.